மகனே, அந்த முந்நூற்றுப் பன்னிரண்டு இணைப்புகளைப் பற்றி

அன்புள்ள மகனுக்கு,

இதனால் சகலருக்கும், குறிப்பாக இன்னும் பிறக்காத உனக்கும், அறிவிக்கப்படுவது யாதெனில்: நேற்றுக் காலை பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடொன்றின் குளியலறைக் கண்ணாடியில், உன் தகப்பனாரின் மேலுதட்டில், இடது ஓரமாக, மூன்று மீசை முடிகள் காணப்பட்டன. வலது பக்கத்தின் விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. செய்தியைக் கேட்ட என் அம்மா தோசையைத் திருப்பிப் போட்டபடி, "மூஞ்சிய நல்லா கழுவுடா, காப்பிக் கறையா இருக்கும்" என்று சொல்லிவிட்டார். கழுவிப் பார்த்தேன். போகவில்லை. ஆகவே நான் ஆண்மகன். ஆண்மகன் ஆனபடியால் என் மகனுக்குப் புத்தி சொல்லும் தகுதியும் வந்துவிட்டது.

எனக்கு வயது பதினேழு. உனக்கு மைனஸ் பத்தோ மைனஸ் இருபதோ, அது உன் அம்மா என்னை எப்போது சகித்துக்கொள்ளத் தொடங்குகிறாள் என்பதைப் பொறுத்தது. மகனுக்குக் கடிதம் எழுத மகன் வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. புத்தி சொல்லப் புத்தி வேண்டும் என்றும் இல்லை. இருந்திருந்தால் பாதி அப்பாக்கள் வாயே திறந்திருக்க முடியாது. நீ வளர்ந்து ஆளாகி, ஒரு வேலையை நாமே செய்வதா, ஆள் வைத்துச் செய்வதா என்று தலையைச் சொறிந்துகொண்டு நிற்கும் நாளில் இதைப் படி. படித்தாலும் உனக்கு ஒன்றும் உதவப் போவதில்லை. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், என் அப்பா இன்று காலை புடுராயா பஸ் நிலையத்தில் பஸ் ஏறிவிட்டார். பாசிர் கூடாங் துறைமுகத்தில் என் மாமா லோரி ஓட்டுகிறார். அங்கே இன்னொரு லோரி ஆள் இல்லாமல் நிற்கிறதாம். நாற்பத்தேழு வயதில் அப்பா அதற்கு ஆளாகப் போகிறார். எப்போது திரும்புவார் என்று அம்மா கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று அப்பாவும் பையை மூடுவதிலேயே கண்ணாக இருந்தார்.

ரிங்கிட் விழுந்தபோது அப்பா வேலை பார்த்த ஷா ஆலம் தொழிற்சாலையும் கூடவே விழுந்தது. மூடும்போது வேண்டாத சாமான்களை ஆட்களுக்கே கொடுத்துவிட்டார்கள். மற்றவர்கள் மின்விசிறி, நாற்காலி என்று உருப்படியாகத் தூக்கிக்கொண்டு போக, அப்பா ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். பிறகு, ஊரில் வேலை போகலாம், கல்யாணம் போகுமா என்று கணக்குப் போட்டு, பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடி அறையைப் பிடித்து, மணவறை அலங்காரத் தொழிலை ஆரம்பித்தார். சிவப்பு வெல்வெட் சோபா ஒன்று, தங்க நிறத் தூண்கள் நான்கு, பிளாஸ்டிக் வாழை மரம் இரண்டு, தெர்மோகோல் யானை ஒரு ஜோடி. இடது யானைக்குத் தும்பிக்கை கொஞ்சம் உடைந்திருக்கும். பூச்சரம் சுற்றி மறைத்துவிடுவோம். இவற்றோடு மாப்பிள்ளை பெண்ணை ராஜா ராணி ஆக்குவது எங்கள் பொறுப்பு. மறுநாள் அவர்கள் மறுபடி குடிமக்கள் ஆவது அவர்கள் பொறுப்பு.

ஆனால் கல்யாணமும் போய்விட்டது. இல்லை, கல்யாணம் நடந்தது. கோயிலில் தாலி, வீட்டில் சாப்பாடு என்று சுருங்கிவிட்டது. ஒருநாள் சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "தை மாசத்துக்குள்ள மூணு கல்யாணம் புடிக்கணும். இல்லாட்டி சாவியைக் குடுத்துட்டு நான் லோரிக்குப் போயிடறேன்." அம்மா அவர் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினார். எங்கள் வீட்டில் மிகப் பெரிய விஷயங்களுக்கு அதுதான் பதில்.

அப்போதுதான் நான் ஒரு யோசனை சொன்னேன். ஆஸ்திரேலியாவிலும் லண்டனிலும் இருக்கிற நம் ஆட்கள் கல்யாணத்துக்கு இங்கேதான் வருகிறார்கள். அவர்கள் எங்கள் மாடிப்படி ஏறிப் பார்க்கப் போவதில்லை, இணையத்தில்தான் தேடுவார்கள் என்றேன். மறுவாரமே எங்களுக்கு ஓர் இணையப் பக்கம் வந்துவிட்டது. நானே செய்தேன். பளிச் பளிச் என்று கண் சிமிட்டும் குத்துவிளக்கு, மணவறைப் படம், உடையாத பக்கமாக நின்ற யானை. அடியில் எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் எண். அந்த எண் ஒரே மாதத்தில் நாற்பத்தொன்றைத் தொட்டது. அதில் முப்பத்தெட்டு நான். மீதி மூன்று, நான் பள்ளியில் இருந்தபோது அப்பா.

அந்தச் சமயம் பார்த்து வந்தார் ராஜன் அண்ணே. எங்கள் கடைக்கு எதிரே கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறவர். கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு வெல்வெட் சோபாவில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்து பேசினார்.

"அண்ணே, சைட் இருந்தா போதாதுண்ணே. காட்டுக்குள்ள கடை போட்ட மாதிரி. ரோடு வேணும். அடுத்தவன் சைட்ல நம்ம பேரு இருக்கணும், அத அமுக்குனா நேரா நம்மகிட்ட வரணும். அதுக்குப் பேருதான் லிங்க். எத்தனை லிங்க் இருக்கோ அத்தனை ரோடு. தேடுறவனுக்கும் நம்ம பேருதான் முதல்ல வரும்."

"அதாவது, நம்ம கார்ட அடுத்தவன் கடையில வச்சிட்டு வர்ற மாதிரி" என்றார் அப்பா.

"கரெக்ட்லா! அத நான் ஆள விட்டு நூத்துக்கணக்குல போட்டுத் தரேன். நீங்க ஒன்னும் செய்ய வேணாம்."

"யார் யார் எடத்துல போடுவீங்க?"

"அதெல்லாம் நீங்க எதுக்குண்ணே பார்த்துக்கிட்டு?"

"பார்க்காம எப்படிலா? யார் வீட்டுல நம்ம பேரு இருக்குன்னு நமக்குத் தெரிய வேணாமா?"

அப்பாவின் தொழில் முறை உனக்குத் தெரிந்தால்தான் இந்தக் கேள்வி புரியும். நாதஸ்வரக்காரர், ஐயர், மண்டபக் காவலாளி, சமையல்காரர், எல்லோரிடமும் தன் கார்டைத் தானே கொண்டுபோய்க் கொடுப்பார். தபாலில் அனுப்ப மாட்டார், என்னிடமும் கொடுத்தனுப்ப மாட்டார். போன இடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்து, அவர்கள் வீட்டில் யாருக்குக் காய்ச்சல், யாருக்குப் பரீட்சை என்று கேட்டுவிட்டு, கிளம்பும்போதுதான் கார்டை எடுப்பார். ஒரு நாளைக்கு நான்கு கார்டு போனால் அதிகம். "இந்த வேகத்துல போனா நீங்க கிள்ளான் போய்ச் சேர்றதுக்குள்ள எனக்கே கல்யாணம் ஆயிடும்பா" என்று நான் கிண்டல் செய்வேன். "அப்பவும் மணவறை நம்மளுதுதாண்டா" என்பார்.

அதனால் ராஜன் அண்ணே போனதும் நான் நெஞ்சை நிமிர்த்தினேன். "நானே செய்றேன்பா. ஒவ்வொரு பக்கமாப் போய், என்ன எழுதியிருக்குன்னு படிச்சுப் பார்த்து, அவங்களுக்கு மரியாதையா ஒரு கடிதம் எழுதி, நம்ம பேரைப் போடச் சொல்லிக் கேக்குறேன். நீங்க செய்ற மாதிரியே."

நீங்கள் செய்கிற மாதிரியே என்ற அந்தச் சொல்லில் அப்பா கவிழ்ந்துவிட்டார். அன்றைக்கே எதிர்க்கடைக்குப் போய், "தப்பா நினைக்காதீங்க தம்பி, என் பையனே செய்வான்" என்று சொல்லிவிட்டு வந்தார். அம்மாவுக்கு மட்டும் சந்தேகம். லிங்க் என்பதற்குத் தமிழில் தொடுப்பு என்று ஏதோ பத்திரிகையில் படித்துவிட்டு, "அப்பாவுக்குத் தொடுப்பு தேடிக்கிட்டு இருக்கேன்மா" என்று ஒருநாள் அடுப்படிப் பக்கம் பார்த்துக் கத்தினேன். கரண்டி பறந்து வந்தது. குறி தப்பவில்லை.

மூன்று வாரம் பள்ளி விட்டு வந்ததும் மதியம் முழுக்கக் கம்ப்யூட்டர்தான். இப்போது ஏறக்குறைய எல்லா இணையப் பக்கங்களிலும் வருகையாளர் புத்தகம் என்று ஒன்று இருக்கும். வந்தவர்கள் பெயரையும் நாலு நல்ல வார்த்தையையும் எழுதி, தங்கள் பக்கத்தின் முகவரியையும் போட்டுவிட்டுப் போகலாம். சங்கங்கள், கோயில்கள், சமையல் குறிப்புகள், அமெரிக்காவில் பூனை வளர்க்கும் அம்மாக்கள், ஒருவரையும் விடவில்லை. சாயங்காலம் அப்பா வரும்போது கணக்குச் சொல்வேன். "இன்னிக்கு இருபத்தொன்னுப்பா." "எல்லாம் படிச்சுப் பார்த்தியா?" "வரி விடாம." மூன்றாவது வாரக் கடைசியில் முந்நூற்றுப் பன்னிரண்டு. ராஜன் அண்ணே ஒரு கூட்டத்தை வைத்துச் செய்வதாகச் சொன்ன வேலையை ஒற்றை ஆளாக, சொந்தக் கையால், பரீட்சைக்குப் படிக்கும் நேரத்தில் முடித்தேன் என்று மார் தட்டினேன். அப்பா அதை ஐயரிடம் சொன்னார், நாதஸ்வரக்காரரிடம் சொன்னார், காய்கறி வாங்கப் போன பாசாரில் கறிவேப்பிலை விற்கிற ஆன்டியிடமும் சொன்னார். அந்தச் சமயத்தில் எங்களுக்கு இரண்டு கல்யாணங்கள் படிந்திருந்தன. இரண்டும் கிள்ளானில், இரண்டும் அப்பா காப்பி குடித்துப் பிடித்தவை. ஒன்றே ஒன்று பாக்கி.

அப்போதுதான் தொலைபேசி வந்தது. நான்தான் எடுத்தேன். "தம்பி, அப்பா இருக்காங்களா?" என்று ஒரு பெண் குரல். கோபமே இல்லாத குரல். வெளியூர்க் கல்யாணம்தான் என்று நினைத்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டியபடி அப்பாவிடம் கொடுத்தேன். அப்பா "ஆமாங்க" என்றார். பிறகு "அப்படியா" என்றார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

கிள்ளானில் ஒரு பெரியவர். ஒரு கோயில் மண்டபத்தைப் பல வருஷமாகப் பார்த்துக்கொண்டவர். அவர் இறந்ததும் மெல்போர்னில் இருக்கிற மகன் அவர் நினைவாக ஓர் இணையப் பக்கம் செய்திருக்கிறார். மாலை போட்ட படம், பக்கத்தில் ஒரு விளக்கு, கீழே அனுதாபம் எழுத ஒரு புத்தகம். பதினாறாம் நாள் காரியத்துக்குக் கூடிய சொந்தக்காரர்கள் எல்லோரும் கம்ப்யூட்டரைச் சுற்றி நின்று, யார் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படித்திருக்கிறார்கள். "ஐயாவை மறக்க முடியாது" என்று ஒருவர். "ஆத்மா சாந்தியடைய வேண்டுகிறோம்" என்று இன்னொருவர். அதற்குக் கீழே நாங்கள்: "உங்கள் பக்கம் மிக அழகு! உங்கள் இல்லத்தில் அடுத்த விசேஷம் எப்போது? மணவறை, வாசல் தோரணம், யானை அனைத்தும் எங்களிடம்! மங்களம் பெருகட்டும்!" அதற்குக் கீழே அதுவே மறுபடியும். அதற்கும் கீழே மூன்றாவது தடவை.

மணவறைக்கும் பிணவறைக்கும் ஓரெழுத்துதான் வித்தியாசம் என்று வகுப்பில் ஜோக் அடித்துக் கைதட்டல் வாங்கியவன் நான். அதை நான் இப்போது சொல்வதில்லை.

"ஏன்டா மூணு தடவை?" என்று மட்டும்தான் அப்பா கேட்டார்.

"லைன் கட்டாகிக்கிட்டே இருந்துச்சுப்பா. போச்சா போகலையான்னு தெரியாம திரும்பப் போட்டேன்."

மறுநாளே கொமுட்டர் ரயில் ஏறி இருவரும் கிள்ளானுக்குப் போனோம். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மணவறை போடுகிறவர் துக்க வீட்டு வாசலை லேசில் மிதிப்பதில்லை. கல்யாணக்காரர்கள் கேள்விப்பட்டால் முகம் சுளிப்பார்கள். கடை ஆரம்பித்ததிலிருந்து அப்பா சொந்தத்தில் ஒரு சாவுக்குக்கூட வாசலோடு நின்றுவிட்டுத்தான் வருவார். அன்று உள்ளே போனார். வெறும் தரையில் உட்கார்ந்தார். பெரியவரின் மகள், பள்ளி ஆசிரியை, எங்கள் எதிரே உட்கார்ந்தார். தொலைபேசியில் பேசியது அவர்தான்.

அப்பா கும்பிட்டபடி சொன்னார்: "தப்பு நடந்துபோச்சுமா. ஆனா என் பையன் கெட்டவன் இல்ல. யாரையோ கூலிக்கு வச்சுச் செஞ்ச வேலை இல்லம்மா இது. ஒவ்வொரு பக்கமாப் படிச்சுப் பார்த்து, அவன் கையாலயே எழுதுனது. அவ்வளவு சிரத்தையா செஞ்சான்."

அந்த அக்கா என்னைப் பார்த்தார். அவ்வளவு நேரம் இல்லாத ஒன்று அவர் முகத்தில் அப்போதுதான் வந்தது.

"யாரோ தெரியாம போட்டுட்டாங்கன்னுதான் அங்கிள் நான் நினைச்சேன். மெஷின் ஏதாச்சும் செஞ்சிருக்கும்னு தம்பி மெல்போர்ன்லேருந்து சொன்னான். அப்படின்னா அழிச்சிட்டுப் போயிடலாம்." என்னைக் கை காட்டினார். "படிச்சுப் பார்த்துட்டா எழுதுனான்? எங்கப்பா படத்தைப் பார்த்துட்டா?"

அப்பா கும்பிட்ட கையைக் கீழே இறக்கினார். நான் என் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டு மின்விசிறி சுற்றும் சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கிறது. கடைசியில் எழுந்தோம். துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது, அதிலும் 'வரேன்' என்று சொல்லவே கூடாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் பழக்கத்தில், "வரேங்க அக்கா" என்றேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

அவர்கள் யாரிடமும் எங்களைப் பற்றிக் கெடுதலாகச் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. காரியத்துக்கு வந்த கூட்டம் அத்தனையும் படித்திருந்ததே. கிள்ளானில் படிந்த இரண்டு கல்யாணங்களும் ஒரே வாரத்தில் கைமாறின. ஒரு வீட்டில் காரணம் சொன்னார்கள், "மனசுக்கு ஒரு மாதிரியா இருக்குங்க" என்று. இன்னொரு வீட்டில் காரணம் சொல்லவில்லை, அப்பாவுக்குக் காப்பியும் கொடுக்கவில்லை. தை வந்தது, போனது. சோபாவை ஒரு முடிவெட்டும் கடைக்காரர் எடுத்துக்கொண்டார். யானைகளை யாரும் கேட்கவில்லை. அவை இப்போது எங்கள் பால்கனியில் துணி காயப்போடும் கொடிக்குக் கீழே நிற்கின்றன.

இனி புத்தி சொல்ல வேண்டும். அதற்குத்தானே கடிதம். ஆள் வைத்துச் செய்தால், எங்கே யார் வீட்டில் உன் பெயரைப் போட்டார்கள் என்று உனக்குத் தெரியாது. நீயே செய்தால், தெரிந்து செய்ததாக ஊர் நினைக்கும். முதலாவதில் வேலை கெடும், இரண்டாவதில் நீ கெடுவாய். நடுவில் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது: அப்பாவைப் போல நாளைக்கு நான்கு கார்டு. அந்த வழி பாசிர் கூடாங்கில் முடிகிறது. நீ வளர்ந்து வரும்போது இந்த லிங்க், இந்த வருகையாளர் புத்தகம் எல்லாம் ஒழிந்துபோயிருக்கும். அவமானப்படுவதற்கு வேறு ஏதாவது வசதி வந்திருக்கும். நல்ல வழி ஒன்று இருக்கும், நான்தான் பார்க்கவில்லை என்று உனக்கு ஆறுதல் சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. தேடிவிட்டேன். கிடைக்கவில்லை.

இன்று காலை பஸ்ஸில் பையை மேலே வைத்துவிட்டு, பக்கத்து இருக்கையில் இருந்த முன்பின் தெரியாத ஆளிடம் அப்பா என்னைக் காட்டினார். ஜன்னல் திறந்திருந்தது, கேட்டது. "என் மகன். கம்ப்யூட்டர் வேலையெல்லாம் யார்கிட்டயும் குடுக்க மாட்டான், தன் கையாலயே செய்வான்." அந்த ஆள் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

மகனே, இதற்கு மேல் உன்னிடம் மார் தட்ட முடியவில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டில் நான் கையால் எழுதியவை நான்கு. அந்த நான்கில் இரண்டு பேர் பதில் எழுதி எங்கள் பெயரைப் போட்டார்கள். ஐந்தாவதற்குள் எனக்கு அலுத்துவிட்டது. இம்பி பக்கம் திருட்டு சிடி விற்கும் கடையில் அதற்கென்றே ஒரு மென்பொருள் கிடைத்தது. ஒரே வாசகத்தை அடித்துக் கொடுத்துவிட்டால், அதுவே வருகையாளர் புத்தகங்களைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொண்டு போகும். சில இடங்களில் மூன்று தடவை ஒட்டும். லைன் ஒருநாளும் கட்டாகவில்லை. அது ஒட்டிக்கொண்டிருந்த மதியங்களில் நான் கட்டிலில் படுத்துக் காமிக்ஸ் படித்தேன். ராஜன் அண்ணேயாவது ஆள் வைத்துச் செய்வதாக வாயால் சொன்னார். கிள்ளானில் அந்த அக்கா மெஷின் என்ற சொல்லைச் சொன்னபோது, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. ஒரு வார்த்தை போதும். அவருக்கு மனசு ஆறியிருக்கும், அப்பாவுக்கு ஒரு கல்யாணமாவது மிஞ்சியிருக்கும். ஆனால் அப்பாவின் முன்னால் கெட்டிக்காரனாக இருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

இந்தக் கடிதத்தை ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். அது கிள்ளானுக்கும் போகும். பாசிர் கூடாங்கில் லோரி நிற்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே விற்கிறதாம், மாமாவிடம் கேட்டுவிட்டேன். உனக்கு எழுதுவதாகச் சொல்லி உன்னையும் ஏமாற்றியதற்கு மன்னித்துவிடு. கொஞ்சம் தள்ளிக்கொள் மகனே, உனக்குப் பின்னால் நிற்கிறவரிடம் ஒன்று சொல்ல வேண்டும்.

அப்பா, நான் படிக்கல. அந்த ஐயாவோட படத்தை நான் பார்க்கவே இல்ல.